மதுரைப் பக்கத்தில் இருந்துகொண்டே புற்றுநோய் ஆய்வு மருத்துவர் ஆவது எப்படி: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

2000ஆம் ஆண்டு தொடங்கி மூன்று ஆண்டுகள் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு பெரிய வேலை நடந்தது. 114 ஊர்த் தொகுதிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதியைப் பரிசோதனைக்கும் மறுபாதியை ஒப்பீட்டுக்கும் ஒதுக்கினார்கள். பரிசோதனைக்கு ஒதுக்கிய ஊர்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை வரவழைத்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, சற்றுப் பொறுத்து, எந்த இடமாவது வெளுக்கிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். நோயாக மாறக்கூடிய திசுவை உறைய வைத்து அழிக்கும் கிரையோதெரபியையும் அவர்களே செய்தார்கள். 31,343 பெண்கள் வந்தார்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த தொகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன.

மதுரையில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர்கள் அவை. உலகம் முழுவதும் ஏழை நாடுகளின் சுகாதாரத் திட்டங்களில் பேசப்பட்ட சான்று அங்கேதான் பிறந்தது. ஆனால் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளிடம் புற்றுநோய் ஆராய்ச்சி என்று சொன்னால் பாஸ்டன், லண்டன், அதிகம் போனால் மும்பை என்றுதான் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தை மாற்ற வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். மதுரை, திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர் பக்கம் எம்.பி.பி.எஸ். படிப்பவர்களுக்கும், படித்து முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும், அவர்களின் பெற்றோருக்கும் இது உதவும்.

முதலில், இது என்ன வேலை?

ஆய்வு மருத்துவர் நோயாளியையும் பார்ப்பார், நோயாளியிடமிருந்து எழும் கேள்விக்கு முறையாக விடையும் தேடுவார். புறநோயாளிப் பிரிவில் ஒரே வகைப் புற்றுநோயோடு முற்றிய நிலையில் பலர் தொடர்ந்து வந்தால், மருத்துவர் சிகிச்சை தொடங்குவார். ஆய்வு மருத்துவர் அதோடு நிற்க மாட்டார். இவர்கள் எந்த ஊர், முதல் அறிகுறி தெரிந்தது எப்போது, நடுவில் யாரிடம் போனார்கள், எத்தனை மாதம் வீணானது என்று எழுதத் தொடங்குவார்.

ஆய்வுக்கூடம், மரபணு, புதிய மருந்து எல்லாம் இந்தத் துறையின் பகுதிகள்தான். ஆனால் தடுப்பு ஆராய்ச்சியின் முதுகெலும்பு வேறு: ஆயிரக்கணக்கான மனிதர்களைப் பல ஆண்டுகள் விடாமல் பின்தொடர்வது. திண்டுக்கல் ஆய்வு ஏன் நம்பத்தக்கதாக ஆனது? ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில், கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையத்தோடு சேர்ந்து ஒரு புற்றுநோய்ப் பதிவேடு இயங்கியது. மாவட்டத்தில் யாருக்குப் புற்றுநோய் வந்தது, யார் இறந்தார்கள் என்பதை அது கணக்கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால், 25 சதவீதம் குறைந்தது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அந்த ஆய்வை முன்னின்று நடத்திய ஆர். சங்கரநாராயணன் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியவர். பின்னர் பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையில் சேர்ந்தார். திருவனந்தபுரத்தில் வாய்ப் புற்றுநோய்க்கு நடத்திய ஆய்வும் அவருடையதுதான். சுகாதாரப் பணியாளர்கள் வாயைத் திறந்து பார்ப்பதாலேயே, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் காட்டினார்கள். கண்ணும் கைவிளக்கும்தான் கருவி. ஊர் ஊராகப் போகும் உழைப்புதான் முதலீடு.

முதல் படி: எம்.பி.பி.எஸ். காலத்திலேயே ஒரு சிறிய ஆய்வு

ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளநிலை மருத்துவ மாணவர்களுக்காக 1979 முதல் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் நடத்துகிறது. எஸ்.டி.எஸ். என்பார்கள். கல்லூரியில் ஒரு பேராசிரியரை வழிகாட்டியாகப் பிடித்து, ஒரு சிறிய ஆய்வுத் திட்டம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். தேர்வானால் இரண்டு மாதம் செய்து அறிக்கை அனுப்ப வேண்டும். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் எதையும் தொடங்க முடியாது. அந்தக் குழு எப்போது கூடுகிறது என்று முன்பே கேட்டு வையுங்கள். பலருடைய திட்டம் கெடுவது அறிவுக் குறைவால் அல்ல, குழு கூடும் தேதியைத் தவறவிட்டதால்.

என்ன செய்வது என்று தெரியாதவர்களுக்கு என் யோசனை: பழைய கேஸ் ஷீட்டுகளில் தொடங்குங்கள். அது மட்டமான வேலை என்று யாராவது சொன்னால் ஆல்ஃபிரெட் நட்சனைப் பற்றிச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் மருத்துவராக இருந்த அவர், குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க்கு ஆளான 48 பேரின் பதிவுகளை எடுத்தார். ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்கள், இரு கண்களிலும் வந்தவர்கள் என்று பிரித்து, நோய் தெரிந்த வயதைக் கணக்குப் போட்டார். இரு கண்களிலும் வந்த குழந்தைகளுக்கு நோய் இன்னும் சிறு வயதிலேயே தெரிந்தது. அதை வைத்து, இந்தப் புற்றுநோய் உண்டாக இரண்டு மரபணுப் பழுதுகள் நேர வேண்டும், பரம்பரையாக வருபவர்களுக்கு அதில் ஒன்று பிறக்கும்போதே இருக்கிறது என்ற கருதுகோளை 1971இல் வெளியிட்டார். இன்றைக்குப் புற்றுநோய் மரபியலின் அடித்தளங்களில் அதுவும் ஒன்று. அந்தப் புற்றுநோய்க்கு நம் ஊரிலேயே, 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் சிகிச்சையும், அதன் ஆய்வு நிறுவனத்தில் மரபணு ஆராய்ச்சியும் நடக்கின்றன.

ராஜாஜி அரசு மருத்துவமனையில் பயிற்சி எடுப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. தென் மாவட்டங்களின் நோயாளிகள் வந்து சேரும் இடம் அது. பாலரங்காபுரத்தில் அரசின் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. அங்கே ஓ.பி. நாளில் ஒரு மூலையில் நின்று பாருங்கள். யார் தனியாக வருகிறார்கள், யார் கதிர்வீச்சை நடுவில் விட்டுவிட்டுப் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று கவனித்தாலே நான்கு ஆய்வுக் கேள்விகள் கிடைக்கும்.

இரண்டாம் படி: எந்த மேற்படிப்பு

இங்கே பெற்றோரின் குரல் ஓங்கி ஒலிக்கும். பணமும் பெயரும் தரும் பிரிவை எடு என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் அல்லது கதிர்வீச்சுச் சிகிச்சையில் எம்.டி. முடித்தால் டி.எம். மருத்துவப் புற்றுநோயியலுக்குப் போகலாம். எம்.எஸ். பொது அறுவை முடித்தால் எம்.சிஎச். புற்றுநோய் அறுவை. உயர்சிறப்புப் படிப்புகளான இவை இரண்டும் மும்மூன்று ஆண்டுகள். நோயியல் படித்தவர்கள் பயாப்ஸியிலும் மூலக்கூறு ஆய்விலும் நிற்பார்கள். தடுப்புதான் உங்கள் மனத்தில் இருக்கிறது என்றால், தயங்காமல் சமுதாய மருத்துவத்தை எடுங்கள். மதிப்பெண் குறைந்தவர்கள் போகும் பிரிவு என்று அதை இளக்காரமாகப் பேசுவது நம் கல்லூரிகளில் ஊறிப்போன கெட்ட பழக்கம். மக்கள்தொகை அளவில் புற்றுநோயைக் குறைக்கும் வித்தை அந்தத் துறையில்தான் கற்றுத் தரப்படுகிறது.

அரசுப் பணியில் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனவர்கள் ஆராய்ச்சிக் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கமோ நத்தம் பக்கமோ ஒரு நிலையத்துக்குப் பொறுப்பாக இருப்பவரிடம் குறிப்பிட்ட மக்கள்தொகையும், வீடு வீடாகத் தெரிந்த கிராம சுகாதாரச் செவிலியரும் இருக்கிறார்கள். பெரிய நகரத்துப் பேராசிரியர்கள் பணம் கொடுத்து உருவாக்க வேண்டிய ஏற்பாடு அது.

மூன்றாம் படி: கருவிகளைக் கற்பது

சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் ஆராய்ச்சி முறை குறித்த இணையவழிப் படிப்புகளை நடத்துகிறது. உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பைத் தேசிய மருத்துவ ஆணையம் முதுநிலை மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. சான்றிதழுக்காக அவசர அவசரமாக முடிக்காமல், மாதிரி அளவு, அதாவது ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை என்பதை, எப்படிக் கணக்கிடுவது என்ற பாடத்தை மட்டுமாவது இரண்டு முறை கேளுங்கள். ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளைக் கொஞ்சம் பழகுங்கள். எல்லாம் முடிந்தபின் புள்ளியியலாளரிடம் ஓடுவதைவிட, தொடங்கும் முன் ஒரு மணி நேரம் அவரோடு உட்காருவது மேல்.

மும்பை டாட்டா நினைவு மையம் ஒருங்கிணைக்கும் தேசியப் புற்றுநோய்த் தொகுப்பமைப்பு 2012இல் உருவானது. அதில் இணைந்த மருத்துவமனைகளில் வேலை செய்வது, ஆய்வுத் திட்டம் எழுதும் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது இரண்டும் பயன் தரும். ஆய்வுக்கூட வேலை பழக வேண்டுமென்றால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பப் புலம் பக்கத்திலேயே இருக்கிறது. மருத்துவரும் உயிரியலாளரும் ஒரே மேசையில் உட்காருவது இங்கே குறைவு. நீங்கள் முதல் அடி எடுத்து வையுங்கள்.

நான்காம் படி: பெயர், வயது, முகவரி

எந்தப் பாடப்புத்தகமும் இதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்குவதில்லை. ஆனால் நம் பகுதியில் பின்தொடரும் ஆய்வுகள் நிற்பதும் விழுவதும் இதில்தான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துதான். ஒரு பெண்ணுக்குத் திருமணத்துக்கு முன் தந்தையின் முதலெழுத்து, பின்பு கணவருடையது. ரேஷன் அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று, மருத்துவமனைச் சீட்டில் இன்னொன்று. ஒரே ஊரில் நாலு பாண்டியம்மாள், அதில் இரண்டு பேருக்கு ஒரே முதலெழுத்து. ஆங்கிலத்தில் எழுதும்போது மீனாட்சி என்ற பெயர் ஐந்து விதமாக மாறிவிடும். பதிவேட்டில் ஒரே ஆள் இரண்டு பேராகக் கணக்கில் வந்தால் நோய் கூடிவிட்டதாகத் தெரியும். இரண்டு பேர் ஒருவராகிவிட்டால் குறைந்துவிட்டதாகத் தெரியும். ஆகவே தந்தை பெயர், கணவர் பெயர், தாயார் பெயர் மூன்றையும் தமிழிலேயே எழுதி வாங்குங்கள்.

வயது கேட்டால் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்றுதான் வரும். எம்.ஜி.ஆர். இறந்த 1987இல் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்களா, திருமணம் ஆகியிருந்ததா, மூத்த பிள்ளை பிறந்திருந்ததா என்று கேட்டால் உண்மைக்கு அருகில் வந்துவிடலாம். முகவரி பெரும்பாலும் மேலத்தெரு, காளியம்மன் கோவில் பக்கம் என்ற அளவில் இருக்கும். வீட்டுக்கு வழி எப்படி என்று கேட்டு எழுதுங்கள். செல்போன் எண் ஒன்று போதாது, அது மாறிவிடும். பக்கத்து வீட்டார், மகன், சகோதரி என்று மூன்று எண்களாவது வாங்குங்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போன குடும்பத்தை அப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

முகாம் வைக்கும் நாளைப் பஞ்சாங்கமும் பயிரும் பார்த்து முடிவு செய்யுங்கள். நடவு, அறுவடை நாட்களில் பெண்கள் வரமாட்டார்கள், வரவும் முடியாது. நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் காலை பத்து மணி முகாம் வீண். சித்திரைத் திருவிழா வாரத்தில் மதுரையைச் சுற்றி மறுபரிசோதனைத் தேதி குறித்துவிட்டு, நோயாளிகளுக்கு அக்கறை இல்லை என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம்.

இப்படி விடாமல் பின்தொடர்ந்ததால் என்ன கிடைக்கும் என்பதற்கு அம்பிளிக்கையும் பங்குபெற்ற இன்னோர் ஆய்வைச் சொல்கிறேன். 2009இல் இந்தியாவின் பல மையங்களில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி மூன்று தவணை தேவையா, இரண்டு போதுமா என்று அறிய, குலுக்கல் முறையில் பிரித்துச் சிறுமிகளுக்குப் போடத் தொடங்கினார்கள். ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு திட்டத்தில் எழுந்த சர்ச்சையால், 2010இல் அரசு எல்லா இடங்களிலும் தடுப்பூசி போடுவதை நிறுத்தச் சொன்னது. ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே தவணையோடு நின்றுவிட்டார்கள். ஆய்வு சிதைந்தது என்று கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. எத்தனை தவணை பெற்றார்களோ அதன்படி பிரித்து, பத்தாண்டு வரை 17,000க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள். குலுக்கல் முறை உடைந்துவிட்டதால் ஒற்றைத் தவணை ஒப்பீட்டின் வலிமை கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனாலும் எச்.பி.வி. 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை ஒரு தவணை தடுக்கும் திறன் 95.4 சதவீதம் என்று 2021இல் வெளியிட்டார்கள். வேறு நாடுகளின் சான்றுகளோடு சேர்த்து, 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றைத் தவணையையும் ஏற்கத்தக்க முறையாக அறிவித்தது. செலவு குறைந்ததால் ஏழை நாடுகளில் எத்தனையோ சிறுமிகளுக்கு அந்தத் தடுப்பூசி எட்டக்கூடியதாகியிருக்கிறது. கிராமத்துச் சிறுமிகளின் வீட்டைத் தேடிப் பத்தாண்டு போன களப்பணியாளர்களுக்கு இதில் இருக்கும் பங்கை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

ஐந்தாம் படி: ஒப்புதல்

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பல படிவங்களின் தமிழ் பத்திரப் பதிவு அலுவலகத் தமிழாக இருக்கிறது. உங்கள் அத்தை படித்தால் புரியுமா என்று பார்த்து எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவரை வைத்து வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு.

நம் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. "டாக்டர், அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார்கள்" என்று மகன் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொள்வார். அது பாசம். ஆனால் தனக்கு என்ன நோய் என்று தெரியாத ஒருவர் புற்றுநோய் ஆய்வுக்குச் சம்மதித்தார் என்று எழுதுவது பொய். மகனிடம் பொறுமையாகப் பேசி, அம்மாவுக்கு எவ்வளவு தெரிய விருப்பம் என்று அம்மாவிடமே கேளுங்கள். பல தாய்மார்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். சொல்ல முடியவில்லை என்றால் அவரை ஆய்வில் சேர்க்காதீர்கள். சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்காதீர்கள்.

திண்டுக்கல் ஆய்வின் மீதும், மும்பையிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் நடந்த ஒத்த ஆய்வுகளின் மீதும் ஒரு நெறிமுறைக் கேள்வி எழுந்தது: ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களுக்குப் பரிசோதனை தராமல் வழக்கமான கவனிப்போடு விட்டது சரியா? பரிசோதனை பலன் தரும் என்று வேறு நாடுகளில் தெரிந்திருந்தது என்கிறார்கள் விமர்சகர்கள். இங்கே அப்போது யாருக்குமே அமைப்புரீதியான பரிசோதனை இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். இரு தரப்பையும் படியுங்கள். அந்த ஊர்ப் பெண்களின் இடத்தில் நின்று இன்றைக்கு யோசித்தால் விமர்சகர்கள் பக்கம் நியாயம் கூடுதல் என்பது என் கருத்து.

சிகிச்சை ஆய்வு எதுவானாலும் முதல் நபரைச் சேர்க்கும் முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிந்துவிடுங்கள். 2007இல் தொடங்கிய அது இணையத்தில் யாரும் பார்க்கத் திறந்திருக்கிறது.

ஆறாம் படி: பிஎச்.டி., நிதி, நேரம்

பிஎச்.டி. கட்டாயமில்லை. ஆய்வுக்கூடத்தை மையமாக வைப்பவர்களுக்குத் தேவை. களத்தில் நிற்பவர்களுக்கு நல்ல எம்.டி. தீசிஸும் நோய்ப்பரவியல் பயிற்சியும் போதும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாகவும் செய்யலாம். நிதிக்கு ஐ.சி.எம்.ஆர். ஒரு வழி. 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் என்ற நிதி அமைப்பு மருத்துவர்களுக்கென்றே தனி ஆய்வு உதவிகள் தருகிறது, பிஎச்.டி. இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம்.

நிதியைவிட அரிது நேரம். ஓ.பி. முடிந்து மாலையில் ஆராய்ச்சி என்று வாழ்ந்தால் இரண்டே ஆண்டில் களைத்துவிடுவீர்கள். வேலையில் சேரும்போதே வாரத்தில் இத்தனை நேரம் ஆய்வுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று, டி.எம். மூன்று என்று கூட்டினால் முப்பதைத் தொடுவீர்கள். கிளினிக் வைத்த நண்பர் அதற்குள் வீடு கட்டியிருப்பார். இதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பதவி உயர்வுக்காகக் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். உங்கள் பெயர் அங்கே ஒரு முறை வந்தால் பிறகு அழிக்க முடியாது.

வழிகாட்டியைப் பார்க்கப் போகும்போது

வெறுங்கையோடு போய் "ஐயா, ஏதாவது ஆராய்ச்சி கொடுங்கள்" என்று நிற்காதீர்கள். ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள். அதில் கேள்வி ஒரு வாக்கியத்தில் இருக்கட்டும். உதாரணமாக: சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்பவர்களில் எத்தனை பேர் பாக்கும் புகையிலையும் சேர்த்துப் போடுகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் வாயில் புற்றுநோயாக மாறக்கூடிய வெண்படலம் இருக்கிறது? புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருப்பதை அதற்குக் காரணமாக எழுதலாம். யாரைச் சேர்ப்பீர்கள், எங்கே பார்ப்பீர்கள், படலம் உள்ளவர்களை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள் என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கடைசி வரியை விட்டுவிட்டால் எந்த நல்ல வழிகாட்டியும் அதைத்தான் முதலில் கேட்பார். வாரத்தின் முதல் நாளில் ஓ.பி. கூட்டம் அதிகம், வேறொரு நாள் மதியத்துக்கு மேல் போங்கள்.